நடிகருக்கு 'ஒரு முகம்' வேண்டுமா? டெல்லி கணேஷை முன்வைத்து ஒரு பதில்

வாசகர் கேள்வி:

ஐயா, எனக்கு வயது 29. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஏழு வருடமாகச் சென்னையில் ஒரு நாடகக் குழுவில் நடித்து வருகிறேன். கிழவர், ரவுடி, மந்திரி, வக்கீல் என்று எல்லாம் போட்டாயிற்று, ஒரு நாடகத்தில் பெண் வேடம்கூட. மூன்று படங்களில் சின்ன வேடம் கிடைத்தது. போன மாதம் ஒரு ஆடிஷனில் உதவி இயக்குநர் ஒருவர், "உங்களை எதில் வைத்தாலும் உட்காருகிறீர்கள், ஆனால் உங்களுக்கென்று ஒரு முகம் இல்லை. முதலில் ஒரு இமேஜ் பிடியுங்கள்" என்றார். நாடகத்தை விட்டால்தான் நாடகத்தனம் போகும் என்று இன்னொருவர் சொன்னார். வீட்டில் பெண் பார்க்கிறார்கள், வேலையை மட்டும் விட்டுவிடாதே என்கிறார்கள். எனக்கு டெல்லி கணேஷ் சார் மாதிரி ஒரு வாழ்க்கை வேண்டும். நாயகனாக ஆசையில்லை, விதவிதமான வேடங்களில் கடைசிவரை நடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைக்கு அது நடக்குமா? நான் ஒரே வகை வேடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டுமா? நாடகத்தை விடவா, வேலையை விடவா? என் நடிப்புத் தொகுப்பு வீடியோவையும் அனுப்பியிருக்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், செங்கல்பட்டு

நடிப்புப் பயிற்சியாளரின் பதில்:

அன்புள்ள தம்பி,

கேள்விகளுக்கு வருமுன் உங்கள் வீடியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது.

ஏழு வேடங்கள் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். நரைமுடிக் கிழவர், லுங்கி கட்டிய ரவுடி, கோட்டுப் போட்ட வக்கீல், பார்வையற்றவர் என்று வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் குரல் வேறு, நடை வேறு. நன்றாக உழைத்திருக்கிறீர்கள். ஆனால் ஏழு பேரும் தனியாகவே நிற்கிறார்கள். கேமராவைப் பார்த்து நீளமாக ஒரு வசனம் பேசுகிறார்கள், பேசி முடித்ததும் திரை இருண்டுவிடுகிறது. அந்தக் கிழவர் யாரிடம் கெஞ்சுகிறார்? பெற்ற மகனிடமா, கடன் கொடுத்தவரிடமா? அந்த ரவுடி யாரை மிரட்டுகிறான்? தன்னைவிடப் பலசாலியையா, பள்ளிக்கூடப் பையனையா? எனக்குத் தெரியவில்லை. நீங்களும் அதை முடிவு செய்துகொள்ளாமல்தான் நடித்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

கடைசியில், இருக்கட்டும் என்று சேர்த்ததுபோல, நீங்கள் நடித்த படத்திலிருந்து ஒரு சின்னத் துண்டு வருகிறது. டீக்கடைக்காரர் வேடம். நாயகன் டீயைக் குடித்துவிட்டு ஒரு நோட்டை நீட்டுகிறான். நீங்கள் கல்லாவைத் திறக்கவில்லை. அவன் முகத்தை ஒரு தடவை பார்க்கிறீர்கள். நோட்டை மடித்து அவன் சட்டைப் பையிலேயே செருகிவிட்டு, அடுத்த கிளாஸைக் கழுவத் திரும்பிவிடுகிறீர்கள். வசனமே கிடையாது. அந்தப் படத்தின் கதை எனக்குத் தெரியாது. ஆனால் அவன் வீட்டில் ஏதோ துக்கம் நடந்திருக்கிறது, இந்தக் கடைக்காரருக்கு அவனைச் சின்ன வயதிலிருந்து தெரியும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. மற்ற ஏழு வேடங்களையும் ஒரு தட்டில் வைத்து இதை மட்டும் இன்னொரு தட்டில் வைத்தால், நான் இதைப் பார்த்துத்தான் உங்களைக் கூப்பிடுவேன்.

பல வேடங்களுக்குப் பொருந்துகிற நடிகர் என்றால் பல தோற்றங்கள் காட்டுபவர் என்று நாம் எல்லோரும் பழகிவிட்டோம். எதிரில் நிற்பவருக்கு நீங்கள் யார் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடிப்பதுதான் அந்த வேலை. விக்கும் தாடியும் அதற்குப் பிறகு வருபவை. நீங்கள் முன்மாதிரியாகச் சொன்ன டெல்லி கணேஷிடமே இதைப் பார்க்கலாம்.

அவருடைய வாழ்க்கைக் கணக்கை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். 1944இல் வல்லநாட்டில் பிறந்தார். 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் வேலை. டெல்லியில் இருந்தபோது தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தார். சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் மேடையேறினார். விசு எழுதிய 'பட்டினப்பிரவேசம்' நாடகத்தை கே. பாலசந்தர் படமாக எடுத்தபோது அதில்தான் சினிமாவுக்கு வந்தார். படம் வந்தது 1977இல். அப்போது அவருக்கு வயது 33. பெயருக்கு முன்னால் 'டெல்லி'யைச் சேர்த்தவரும் பாலசந்தர்தான். அதன் பிறகு 2024 நவம்பரில் 80 வயதில் மறையும்வரை 400க்கும் மேற்பட்ட படங்கள், அதற்கு மேல் சின்னத்திரைத் தொடர்கள், குறும்படங்கள், மேடை நாடகங்கள். மற்ற நடிகர்களுக்கு டப்பிங்கும் பேசியிருக்கிறார். உங்களுக்கு இப்போது 29. தாமதமாகிவிட்டது என்ற பதற்றம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. முதலில் அதை எடுத்து ஓரமாக வையுங்கள்.

முதல் படம் வந்து இரண்டு வருடத்தில், 1979இல், துரை இயக்கிய 'பசி'. அதில் அவர் ரிக்‌ஷா ஓட்டும் அப்பா, குடிசையில் குடும்பம். மகளாக நடித்த ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. டெல்லி கணேஷுக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 35. முப்பத்தைந்து வயதில், வளர்ந்த பெண்ணுக்கு அப்பா! நம்மில் எத்தனை பேர் அந்த வயதில் சரி என்போம்? என் பட்டறைக்கு வரும் பையன்களில் பாதிப் பேர், "அப்பா வேடத்தில் ஒருமுறை போட்டுவிட்டால் அப்புறம் அப்படியேதான் கூப்பிடுவார்கள் சார்" என்று பயப்படுகிறார்கள். அவர் பயப்படவில்லை. 1990இல் 'மைக்கேல் மதன காம ராஜன்' படத்தில் கமல்ஹாசனை எடுத்து வளர்த்த அப்பாவாக வந்தார். நிஜத்தில் இரண்டு பேருக்கும் பத்து வயதுதான் வித்தியாசம். படம் பார்க்கும்போது ஒரு நிமிடமாவது அது உங்களுக்கு உறுத்தியதா? எனக்கு உறுத்தியதில்லை.

ஏன் உறுத்தவில்லை என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்தப் படத்தில் அவர் செய்த சமையல்காரர் பாலக்காட்டு மணி ஐயர் முதுமையைக் காட்டவே முயல்வதில்லை. பிள்ளையை நம்புகிற, பிள்ளைக்காகப் பதறுகிற ஒரு அப்பாவாக இருக்கிறார், அவ்வளவுதான். பதற்றம் உண்மையாக இருந்தால் வயது தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. கல்யாணச் சமையலில் சாம்பாருக்குள் மீன் விழுந்துவிடுகிற அந்த இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தியேட்டரே சிரிக்கிறது. ஆனால் அவருக்கு அது சிரிக்கிற விஷயமே இல்லை. பந்தி நடந்துகொண்டிருக்கிறது, ஒரு சமையல்காரரின் மானம் கப்பலேறப் போகிறது. அந்த ஆளுக்கு அது வாழ்வா சாவா என்கிற பிரச்சினை என்பதால்தான் நமக்குச் சிரிப்பு அப்படி வருகிறது. நகைச்சுவைக் காட்சியில் நடிகர் தானும் வேடிக்கை செய்ய ஆரம்பித்தால் காட்சி படுத்துவிடும். நகைச்சுவை நாடகங்களில் நடிக்கும் உங்களுக்கு இது பழக்கமாகியிருக்க வேண்டும்.

அவரிடம் நான் மாணவர்களுக்கு மறுபடி மறுபடி காட்டுவது மூன்று ஐயர்களை. 1987இல் 'நாயகன்' படத்தின் ஐயர், 1990இல் இந்த மணி ஐயர், 1996இல் 'அவ்வை சண்முகி'யின் சேதுராம ஐயர். மூன்றுமே ஏறக்குறைய ஒரே தோற்றம், ஒரே சமூகம், அதே முகம், பெரிய ஒப்பனை மாற்றம் எதுவும் இல்லை. அந்த உதவி இயக்குநர் உங்களிடம் சொன்ன 'இமேஜ்' என்பது இதுதான். ஆனால் மூன்று பேரையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். மும்பையில் தாதா வேலு நாயக்கரைச் சுற்றி இருக்கும் முரட்டுக் கூட்டத்தில், கத்தி எடுக்கத் தெரியாத மனிதர் 'நாயகன்' ஐயர். போலீஸ் அடித்து நொறுக்கிய பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு நாயக்கரிடம் பேசுகிறாரே, அங்கே அவர் உடம்பு முழுக்க ஒரே ஒரு கவலைதான்: இவர் என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. மணி ஐயருக்குக் கவலை பிள்ளை மேல். சேதுராம ஐயர் வேறு ரகம். பெரிய வீட்டு முதலாளியின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பவர். வாயில் பணிவு, கண்ணில் கணக்கு.

மூன்று பேரும் தங்களைவிடப் பெரிய ஒருவரையோ, தங்களுக்கு உயிரான ஒருவரையோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். யாரைப் பார்க்கிறோம், அவரிடமிருந்து என்ன வேண்டும் என்பது மாறுகிறது. அது மாறினதும் கழுத்து வளைகிற விதம் மாறுகிறது, கை எங்கே போவது என்பது மாறுகிறது, குரல் எந்த இடத்தில் தழைகிறது என்பது மாறுகிறது. இதையெல்லாம் அவர் தனித்தனியாக யோசித்துச் செய்தாரா என்று என்னால் சொல்ல முடியாது. பல வருட மேடைப் பழக்கம் உள்ள நடிகருக்கு முதல் விஷயம் சரியாக அமைந்தால் மற்றது பின்னாலேயே வந்துவிடும். அது மட்டும் நிச்சயம்.

இந்த மூன்று ஐயர்களுக்கும் முன்பே, 1985இல் 'சிந்து பைரவி'. குடிப்பழக்கம் உள்ள மிருதங்க வித்வான் குருமூர்த்தி. குடித்துவிட்டு வந்ததற்காகப் பாடகரிடம் அவமானப்படுகிறவர். பிறகு அதே பாடகர் குடியில் விழுவதைப் பார்க்க வேண்டியவரும் இவர்தான். குடிகாரர் வேடம் என்றதும் நம் நடிகர்கள் தள்ளாட ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே எனக்கு நினைவில் நிற்பது தள்ளாட்டம் இல்லை, அந்த மனிதரின் வெட்கம். 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் நான்கு வில்லன்களில் ஒருவர். இதையெல்லாம் ஒரே முகத்தோடுதான் செய்தார்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. ஒரே வகையைப் பிடித்துக்கொள்ளலாமா?

அந்த உதவி இயக்குநர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, கோபப்படாதீர்கள். நடிகர் தேர்வு எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி வருகிறது: '40 வயது, போலீஸ் ஏட்டு, லேசான தொப்பை, மதுரைப் பேச்சு, 3 நாள் கால்ஷீட்.' அதைப் பார்க்கிறவன் மனதில் அந்த நொடி ஒரு முகம் வர வேண்டும். 'எல்லாம் செய்வார்' என்கிற ஆளின் முகம் அப்போது வராது, 'அந்த டீக்கடைக்காரர் செய்தாரே' என்கிற ஆளின் முகம்தான் வரும். ஆகவே முதல் சில அழைப்புகளுக்கு உங்களுக்கு ஏதோ ஒரு அடையாளம் உதவும். வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதே மாதிரி வேடம் இன்னொன்று வந்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். 'நாயகன்' ஐயருக்குப் பிறகு எனக்கு ஐயர் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் மணி ஐயர் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

வலிய ஒரு இமேஜை உருவாக்கிக்கொள்ளத்தான் வேண்டாம் என்கிறேன். மீசையை முறுக்கி, ஜிம்முக்குப் போய், 'நான் இனி வில்லன்' என்று முடிவெடுக்காதீர்கள். எது பொருந்துகிறது என்பதை முதலில் பார்ப்பவர்கள் மற்றவர்கள்தான். பசுபதியைப் பாருங்கள். சென்னையின் கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் வளர்ந்தவர். 2004இல் 'விருமாண்டி'யில் கொத்தாளத் தேவராக வந்ததும் தமிழ்நாடு அவரை வில்லனாகத்தான் பார்த்தது. அடுத்த வருடமே 'மும்பை எக்ஸ்பிரஸ்' படத்தில் நகைச்சுவை. 2006இல் 'வெயில்' படத்தில், எதிலும் ஜெயிக்க முடியாமல் வீட்டுக்குத் திரும்பி வரும் அண்ணன். 2021இல் 'சார்பட்டா பரம்பரை'யின் ரங்கன் வாத்தியார். கிடைத்த கதவு வழியாக உள்ளே போனார், பிறகு ஒவ்வொரு அறையாகத் திறந்தார். சில அறைகள் திறக்கப் பதினைந்து வருடம்கூட ஆகியிருக்கிறது.

அடுத்தது நாடகத்தனம். இதை யார் சொன்னாலும் நான் உடனே எதிர்த்துப் பேசிவிடுவேன், ஏனென்றால் அந்தச் சொல்லை வைத்து நல்ல நடிகர்களை நிறையப் பேர் காயப்படுத்துகிறார்கள். ஆனால் கேமரா முன் விட வேண்டிய சில பழக்கங்கள் மேடையிலிருந்து நமக்கு ஒட்டிக்கொள்கின்றன என்பது உண்மை. எவை என்று தெரிந்தால் விட்டுவிடலாம். அதற்காக மேடையையே விட வேண்டியதில்லை.

சபா மேடையில் முக்கியமான ஒன்று, சிரிப்புக்கு இடம் விடுவது. ஜோக் சொல்லிவிட்டு, சிரிப்பு ஏறி, அடங்க ஆரம்பிக்கும் நொடியில் அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் வசனம் யாருக்கும் கேட்காது, பிந்தினால் காட்சி தொய்ந்துவிடும். அந்த நொடியைப் பிடிக்க வருடக்கணக்கில் ஆகும், அது பெரிய வித்தை. ஆனால் ஷூட்டிங்கில் சிரிக்க யாரும் இல்லை. நீங்கள் விடுகிற அந்த இடம் வெறும் ஓட்டையாகத் தெரியும். எடிட்டர் அதை வெட்டப் பார்ப்பார், உங்கள் முகத்தோடு சேர்த்து வெட்டிவிடுவார். 'மைக்கேல் மதன காம ராஜன்' படத்தில் கிரேசி மோகனின் வசனங்கள் மூச்சு விடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வருவதைக் கவனியுங்கள். எழுதியவரும் மேடையிலிருந்து வந்தவர், நடித்தவர்களில் பலரும் மேடைக்காரர்கள். சிரிப்புக்காக அங்கே யாரும் காத்திருப்பதில்லை. பார்ப்பவர் இரண்டாம் முறை வந்து விட்டுப்போனதைப் பிடித்துக்கொள்வார் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது.

இன்னொன்று, முகத்தைச் சபைப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வது. உங்கள் வீடியோவில் அது அப்பட்டமாகத் தெரிகிறது. எதிரில் இருப்பவரைப் பார்க்க வேண்டிய இடத்தில் உடம்பு பாதி கேமராவுக்குத் திரும்பி நிற்கிறது. மேடையில் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று கற்றுக்கொண்டது. கேமரா நகர்ந்து வந்து உங்களைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் அதைத் தேடிப் போக வேண்டாம். சஜஷன் ஷாட்டில், அதாவது உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து எதிரில் இருப்பவரை எடுக்கிற ஷாட்டில், உங்கள் தோளும் காதும் மட்டும் தெரிகிறபோதும் எதிரில் நடிப்பவருக்கு முழுசாக லுக் கொடுத்து நடியுங்கள். தோளிலும் நடிப்பு தெரியும். அப்படிச் செய்பவர்களை நாயக நடிகர்கள் மறப்பதே இல்லை, அடுத்த படத்துக்கு அவர்களே பெயரைச் சொல்வார்கள். குணச்சித்திர நடிகர்களுக்கு வேலை வருகிற வழிகளில் இது முக்கியமானது. டெல்லி கணேஷ் கமலோடு எத்தனை படங்களில் வருகிறார் என்று எண்ணிப் பாருங்கள். நம்பிக்கை இல்லாமல் ஒருவரை அப்படித் திரும்பத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.

குரலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைக் உங்கள் சட்டைக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

மேடை உங்களுக்குத் தந்திருக்கும் ஒரு சொத்தைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். முன்பெல்லாம் படப்பிடிப்பில் வசனத்தை உதவி இயக்குநர் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பார். நடிகர் கேட்டுக் கேட்டுச் சொல்வார். பிறகு டப்பிங்கில் சரிசெய்துகொள்ளலாம். இப்போது நேரடி ஒலிப்பதிவு பெருகிவிட்டது, வலைத்தொடர்களிலும் அதைக் கேட்கிறார்கள். அங்கே ப்ராம்ப்ட் செய்ய முடியாது. நான்கு பக்க வசனத்தை மனப்பாடமாகப் பேசி, உச்சரிப்பும் சுத்தமாக இருந்து, இன்னொருவர் தடுமாறினால் சமாளித்துக் காட்சியைக் கொண்டுபோகிற ஆள் வேண்டும். இரண்டு மணி நேர நாடகத்தை நிற்காமல் நடித்துப் பழகிய உங்களுக்கு அது இருக்கிறது. ரீல்ஸில் மட்டும் நடித்துவிட்டு வருகிற பையனுக்கு அது சட்டென்று வராது. இந்தச் சமயத்தில் நாடகத்தை விடச் சொன்னவர் உங்களுக்கு நல்ல யோசனை சொல்லவில்லை, தம்பி.

அதோடு, மேடை ஒன்றில்தான் ஒரே வேடத்தை ஐம்பது தடவை நடித்துப் பார்க்க முடியும். சினிமாவில் டீக்கடைக்காரரை ஒரு காலையில் எடுத்துமுடித்துவிடுவார்கள், மறுபடி வாய்ப்பில்லை. மேடையில் அதே மந்திரியை இந்த வாரம் வாணி மகாலிலும் அடுத்த மாதம் வேறு ஊரிலும் நடிப்பீர்கள். இன்று தப்பாகப் போனதை அன்று மாற்றிப் பார்க்கலாம். உங்கள் குழுவில் இயக்குநரிடம் கேட்டு, வசனம் குறைவான, ஆனால் மேடையில் நிறைய நேரம் நிற்க வேண்டிய வேடமாக வாங்குங்கள். மற்றவர் பேசும்போது கவனத்தைத் திருடாமல், ஆனால் உயிரோடு நிற்கப் பழகுங்கள். சினிமாவில் குணச்சித்திர நடிகருக்குப் பெரும்பாலும் அந்த வேலைதான் இருக்கும். நாயகன் பேசுவான், கட் உங்கள் முகத்துக்கு வரும். அங்கே நீங்கள் அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், உங்கள் அடுத்த வசனத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

வேலையை விடுவதா? கூடாது, இப்போது கூடாது. சபா நாடகத்தின் நல்ல காலத்தைக் கட்டி எழுப்பியவர்களில் நிறையப் பேர் மாதச் சம்பளக்காரர்கள். பாலசந்தர் ஏஜி ஆபீஸில், அதாவது அரசின் கணக்குத் துறை அலுவலகத்தில், இருந்துகொண்டேதான் நாடகம் போட்டார். நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். பூர்ணம் விசுவநாதன் டெல்லியில் அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்தவர், 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலையடைந்த செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. ஆபீஸ் முடிந்து ஒத்திகைக்கு வருவதை அவர்கள் குறையாக நினைக்கவில்லை. நாள் முழுக்க மனிதர்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள், அது மேடையில் தெரிந்தது. கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறீர்களே, மார்ச் மாதக் கடைசியில் உங்கள் மேலாளரின் கழுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பில் பாஸாகுமா என்று கேட்க வருகிற சப்ளையர் நாற்காலியில் எவ்வளவு உட்காருகிறார், முழுசாகவா, நுனியிலா? விஜய் சேதுபதி கூத்துப்பட்டறையில் கணக்குப் பார்க்கச் சேர்ந்து, அங்கே நடிகர்களைக் கவனித்துக்கொண்டிருந்தவர். உங்கள் தொழில்தான்.

பண விஷயத்தையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். சின்ன வேடங்களுக்கு நாள் கணக்கில்தான் சம்பளம். படம் நின்றுபோனால் மிச்சம் வராது, வந்தாலும் தாமதமாகும். மேடையில் பெரும்பாலும் போக்குவரத்துச் செலவுக்குத்தான் தேறும். மாதச் சம்பளம் இருக்கிறவன் மோசமான வேடத்தை வேண்டாம் என்று சொல்லலாம். இல்லாதவனால் முடியாது, வாடகை கேட்டு வாசலில் ஆள் நிற்கும். வருகிற வேலை நாட்கள் உங்கள் விடுப்பு நாட்களைத் தொடர்ந்து தாண்ட ஆரம்பித்து, ஆறு மாதச் செலவுக்கான பணமும் கையில் சேரும்போது எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது பேசுவோம். திருமணப் பேச்சில் பெண் வீட்டாரிடமும் அந்தப் பெண்ணிடமும் நடிப்பு உண்டு என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டுப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போவது நியாயமில்லை. வாய்ப்புத் தருகிறேன், இவ்வளவு கட்டு என்று யாராவது கேட்டால், எவ்வளவு பெரிய பெயரைச் சொன்னாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நல்ல கம்பெனி எதுவும் நடிகரிடம் பணம் வாங்காது.

இன்று அப்படி ஒரு வாழ்க்கை நடக்குமா என்று கேட்டிருந்தீர்கள். 400 படம் என்ற எண்ணிக்கை வராது என்றுதான் நினைக்கிறேன். கூட்டுக் குடும்பக் கதைகள் நிறைய வந்த காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் அப்பா, மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு பட்டாளமே தேவைப்பட்டது. இப்போது பல படங்களில் நாயகனுக்கு வீடே காட்டுவதில்லை. ஆனால் வேறு வாசல் திறந்திருக்கிறது. எட்டு பகுதி வலைத்தொடரில் ஒரு துணைப் பாத்திரத்துக்குக் கிடைக்கிற நேரம், பழைய படங்களில் நாலைந்து படத்தில் சேர்த்தாலும் கிடைத்திருக்காது. வட்டாரக் கதைகள் நிறைய வருகின்றன, அதற்கு அந்த வட்டார முகமும் பேச்சும் கேட்கிறார்கள். டெல்லி கணேஷே எழுபது வயதுக்கு மேல் இளைஞர்களின் குறும்படங்களில் நடித்தார். சின்னப் பசங்கள் எடுப்பதுதானே என்று ஒதுங்கவில்லை. எண்ணிக்கையை விடுங்கள். எழுபது வயதிலும் யாரோ ஒரு புது இயக்குநர் இவர் வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், அதற்கு இன்றும் வழி இருக்கிறது.

சரி, இப்போது உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அந்த ஏழு வேட வீடியோவை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். உங்கள் குழுவிலிருந்து நல்ல நடிகர் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். விக், தாடி எதுவும் வேண்டாம், நீங்கள் ஆபீஸுக்குப் போகிற சட்டையே போதும். வசனம் ஒன்றே ஒன்று: "சாப்டாச்சா?" எதிரில் இருப்பவர் ஒருமுறை உங்களிடம் பணம் வாங்கித் திருப்பித் தராத நண்பர். ஒருமுறை நேற்று நீங்கள் கை நீட்டி அடித்த தம்பி. ஒருமுறை நாளைக்கு உங்களை வேலையை விட்டு அனுப்பப் போகிற முதலாளி, அது உங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்திருக்கும் அப்பா. யார் யார் என்று வீடியோவில் எழுதிக் காட்டாதீர்கள், பார்க்கிறவருக்குப் புரிய வேண்டும். பின்னணி இசையும் வேண்டாம். ஒவ்வொன்றும் அரை நிமிடத்துக்குள். எதிரில் இருப்பவர் முகமும் ஒரு பக்கமாகத் தெரிகிற மாதிரி கேமராவை வையுங்கள்.

முடிவில் அந்த டீக்கடைத் துண்டை ஒட்டி, இந்த முகவரிக்கே அனுப்புங்கள். அப்பா வருகிற இடத்தை மட்டும் கடைசியாக எடுங்கள், அதுதான் கஷ்டம். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.